கடல் தாண்டிய டீமில் அஜைல்: மலையிலிருந்து வரும் கேள்விகள்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடி ஒன்பது வருடமாக வெளிநாட்டு மென்பொருள் டீம்களோடு வேலை செய்கிறேன். மென்பொருளைச் சின்னச் சின்னப் பகுதிகளாகச் செய்து அடிக்கடி கொடுத்துத் திருத்திக்கொள்ளும் அஜைல் என்ற வேலைமுறைதான் எங்களுடையது. இப்போதுள்ள டீமில் ஒன்பது பேர். நீலகிரியில் மூவர், சென்னையில் இருவர், ஜெர்மனியின் ஹாம்பர்கில் மூவர், என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனர் அமெரிக்காவின் பாஸ்டனில். நான் ஸ்க்ரம் மாஸ்டர், அதாவது அஜைலின் ஒரு வகையான ஸ்க்ரம் முறைப்படி வேலை நடக்கப் பார்த்துக்கொள்பவள். ஊட்டி, குன்னூர், அரவேனு பக்கமிருந்து புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் "அக்கா, ஒரு சந்தேகம்" என்று போன் செய்வார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

அஜைல் என்பது எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து செய்வதற்குத்தானே வந்தது?

தொடங்கியவர்கள் மனதில் அதுதான் இருந்தது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலைவாசஸ்தலத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். நான்கு விழுமியங்கள், அவற்றோடு 12 கொள்கைகள். டீமுக்குள் தகவலைக் கொண்டு சேர்க்க நேருக்கு நேர் பேசுவதே சிறந்த வழி என்று ஒரு கொள்கை வெளிப்படையாகவே சொல்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன், உண்மைதான். ஆனால் சின்னச் சின்னதாகச் செய்து அடிக்கடி கையில் கொடு, ஓடுகிற மென்பொருளை வைத்து முன்னேற்றத்தை அள, இடையிடையே நின்று உன் வேலைமுறையைத் திருத்திக்கொள் என்று சொல்லும் மற்ற கொள்கைகளுக்குச் சுவர் தேவையில்லை. ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பைப் படித்துப் பாருங்கள். பதினைந்து பக்கத்துக்குள் முடிந்துவிடும். எல்லாரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

அப்படியானால் தூரத்தால் உண்மையில் என்னதான் கெடுகிறது?

பதில் வரும் நேரம் நீள்கிறது. என் அனுபவத்தில் மற்ற சிக்கல்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எங்கள் டீமில் நடந்ததைச் சொல்கிறேன். ரத்தான ஆர்டர்கள் பட்டியலில் தெரியக் கூடாது என்று ஒரு ஸ்டோரி (பயனர் பார்வையில் எழுதிய ஒரு சிறு வேலை). ஐந்து பொருள் வாங்கியவர் இரண்டை மட்டும் ரத்து செய்தால் அந்த ஆர்டர் தெரிய வேண்டுமா, கூடாதா? குன்னூர் தம்பிக்கு இந்தச் சந்தேகம் வந்தது ஒரு வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு. பாஸ்டனில் அப்போது காலை 7.30. கேள்வியை எழுதிவிட்டு வேறு வேலை பார்த்தான். இரவு 9 மணிக்குப் பதில் வந்தது: "ஆமாம், பேசியபடியே." எதைப் பேசியபடி? வெள்ளி காலை அதைப் பார்த்தவன் மறுபடி கேட்டான். பிராடக்ட் ஓனர் அன்று விடுப்பு. பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை அமெரிக்காவில் தொழிலாளர் தினம். செப்டம்பரின் முதல் திங்கள் அவர்களுக்கு விடுமுறை. செவ்வாய் மாலை ஆறரைக்குத் தெளிவான பதில் வந்தது: "தெரிய வேண்டும்." புதன்கிழமை ஸ்பிரின்ட், அதாவது இரண்டு வார வேலைச்சுற்று, முடிகிறது. ஒரே அறையில் இருந்திருந்தால் நாற்காலியைத் திருப்பிக் கேட்டு அரை நிமிடத்தில் முடித்திருப்பான். ஐந்து நாள் போனது.

இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களிலேயே ஆராய்ச்சிக்கூடங்களில் பார்த்துச் சொன்னார்: இருவர் மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது சரசரவென்று குறைகிறது, 50 மீட்டர் தாண்டினால் ஏறக்குறைய நின்றே போகிறது. சென்னையில் இரண்டு மாடிகளில் பிரிந்து உட்காரும் டீமுக்கும் இதே நோய் உண்டு. அங்கே அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

காத்திருப்பதை எப்படிக் குறைப்பது?

கேள்வி கேட்கும் விதத்தை மாற்றுங்கள். செலவில்லாமல் நாளைக்கே செய்யலாம்.

சாயங்காலம் லேப்டாப்பை மூடும் முன் எங்கள் டீமில் எல்லாரும் ஒரு குறிப்பு எழுதிவிட்டுத்தான் எழுவோம். ஆரம்பத்தில் வந்த குறிப்புகள் இப்படி இருந்தன: "ஆர்டர் பட்டியல் வேலை நடக்கிறது. நாளை முடியும்." படிப்பவருக்கு இதில் செய்ய ஒன்றுமே இல்லை. அதே தம்பி இப்போது எழுதுவது இது:

"பாதி ரத்தான ஆர்டருக்கு இரண்டு டெஸ்ட் எழுதினேன். ஒன்று தோற்கிறது. கோட் என் பிராஞ்சில் இருக்கிறது. பணம் திரும்பிய தேதி என்று எதைக் காட்டுவது: ரத்து செய்த நாளா, வங்கி திருப்பிய நாளா? நாளை காலை 10 மணிக்குள் பதில் இல்லையென்றால் வங்கி நாள் என்று எடுத்துக்கொண்டு தொடர்கிறேன். அது தவறென்றால் பிறகு மாற்ற அரை நாள் ஆகும்."

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது. தவறாகப் போனால் இழப்பு எவ்வளவு என்பதும் தெரிந்துவிட்டது. அரை நாள்தான் என்றால் பிராடக்ட் ஓனர் நிம்மதியாகத் தூங்கலாம்; "இரண்டு வாரம் ஆகும்" என்று எழுதியிருந்தால் அவர் காபி குடிக்கும் முன்பே பதில் போடுவார். இதுவா அதுவா என்று ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்பதும் முக்கியம். "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டால் ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதை யாரும் உடனே எழுதமாட்டார்கள்.

இப்படி எழுதியே பெரிய வேலை நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் காட்டுவேன். 1991-ல் தொடங்கிய வேலை. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறவர்கள் மின்னஞ்சலில் பேட்ச் (கோட் மாற்றம்) அனுப்பி, மின்னஞ்சலிலேயே வாதம் செய்து வளர்த்தது. கோட் மாற்றங்களைச் சேமித்து வைக்க நாம் தினமும் தட்டுகிற கிட் (Git) கருவியையே லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் அந்த வேலைக்காகத்தான் எழுதினார்.

ஸ்டாண்டப் (தினசரிக் குறுங்கூட்டம்) எத்தனை மணிக்கு வைப்பது? எங்களுக்கு மட்டும் எப்போதும் ராத்திரியாகிறது.

முதலில் கணக்கு. நமக்கு ஒரே நேரம், வருடம் முழுக்க மாறாது. ஹாம்பர்க் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கும். பாஸ்டன் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. கோடையில் நமக்கு மாலை 6.30 என்றால் ஹாம்பர்கில் பிற்பகல் 3, பாஸ்டனில் காலை 9. மூன்று ஊரும் விழித்திருந்து வேலையில் இருக்கும் நேரம் அதிலிருந்து இரண்டு மணி நேரம்தான். குளிர்காலத்தில் அதுவே நமக்கு 7.30 ஆகிவிடும்.

இங்கே ஒரு குழி உண்டு. அமெரிக்கா கடிகாரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. 2026-ல் அது மார்ச் 8, மார்ச் 29. நடுவில் மூன்று வாரம் எல்லாக் கணக்கும் ஒரு மணி நேரம் பிசகும். இலையுதிர் காலத்திலும் ஒரு வாரம் அப்படி. காலண்டர் அழைப்பு எந்த ஊர் நேரத்தில் போடப்பட்டதோ அந்த ஊருக்குச் சரியாக இருக்கும், மற்றவர்களுக்கு நகரும். அந்த வாரங்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

இனி நியாயம். ஆறரை, ஏழரை என்பது வீட்டில் அடுப்படி நேரம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நேரம். ஹாம்பர்க்காரர்களுக்கு அது மதியத்துக்குப் பிந்தைய சாவகாசமான வேளை. வருடம் முழுக்க ஒரே பக்கம் மட்டும் விட்டுக்கொடுத்தால் அந்தப் பக்கத்துக்காரர்கள் மெல்ல மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்க ஆரம்பிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாங்கள் ஒரு ஸ்பிரின்ட் 6.30 என்றால் அடுத்த ஸ்பிரின்ட் 4.30 என்று மாற்றுகிறோம். அப்போது பிராடக்ட் ஓனர் காலை 7 மணிக்கு எழுந்து வருகிறார். இதைக் கேட்க எனக்கு ஆறு மாதம் தைரியம் வரவில்லை. கேட்டபோது அவர் சொன்னது, "முன்பே ஏன் சொல்லவில்லை?"

மூன்று ஊரும் சேரும் அழைப்பு வாரம் இரண்டு போதும். மற்ற நாள் எழுத்துக் குறிப்பும், இந்தியா மட்டும், ஹாம்பர்க் மட்டும் என்று ஊருக்குள் 15 நிமிடப் பேச்சும். "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன" என்ற மூன்று கேள்விகளை ஸ்க்ரம் கையேடே 2020-ல் எடுத்துவிட்டது. அவற்றை வாய்ப்பாடு போல ஒப்பிக்க ராத்திரி யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

வேலையை ஊர் வாரியாக எப்படிப் பிரிப்பது? ஜெர்மனியில் டெவலப்மெண்ட், இங்கே டெஸ்டிங் என்கிறார்கள்.

அந்தப் பிரிவினைக்கு நான் முழு எதிர்ப்பு. அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு ஸ்டோரியும் முடிவதற்குள் பலமுறை கடல் தாண்ட வேண்டும், ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு நாள். இரண்டு வார ஸ்பிரின்ட்டில் பத்து வேலை நாள்தானே இருக்கிறது. மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார்: ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ அந்த வடிவத்திலேயே அவர்கள் கட்டும் மென்பொருளும் அமையும். ஒரு ஊரில் திரை, இன்னொரு ஊரில் சர்வர், மூன்றாவதில் டெஸ்டிங் என்றால் குளறுபடிகள் அந்த மூட்டுகளில்தான் சேரும். ஒரு வசதியை முழுதாக ஒரு ஊருக்குக் கொடுங்கள். பணம் திரும்பக் கொடுப்பது எங்களுடையது, திரையிலிருந்து டேட்டாபேஸ் வரை, டெஸ்டிங் உட்பட. சரக்கு அனுப்புவது ஹாம்பர்க். இரண்டு பகுதிகளும் தகவல் பரிமாறும் இணைப்பான ஏபிஐ ஒன்றைப் பற்றி மட்டும் சேர்ந்து பேசுகிறோம்.

நாம் தூங்கும்போது அவர்கள் தொடர்ந்தால் 24 மணி நேரமும் வேலை நடக்குமே?

சர்வர் விழுந்தால் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அது மிக நல்லது, யாரும் ராத்திரி எழ வேண்டாம். ஒரே வசதியை இருவர் பகலும் இரவுமாக மாற்றி மாற்றி எழுதுவதற்கு உதவாது. விளக்கி ஒப்படைப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

மீட்டிங்கில் "யெஸ்" என்று சொல்லிவிடுகிறேன், பிறகு திணறுகிறேன். என்ன செய்வது அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தங்கை குரல் உடைந்துதான் கேட்டாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ், வேலையில் ஆங்கிலம். மூன்றாவது மொழியில், அதுவும் ஜெர்மன் உச்சரிப்பில் ஒருவர் வேகமாகப் பேசும்போது "யெஸ்" என்பது "காதில் விழுந்தது" என்ற அர்த்தத்தில்தான் வருகிறது. தமிழில் நாம் "ம்", "சரிங்க" என்று சொல்வதும் அப்படித்தான். எதிரே இருப்பவர் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொள்கிறார். "பார்க்கலாம்" என்றால் நமக்குப் பாதி மறுப்பு. அவருக்கு அது உறுதிமொழி.

மறுபக்கமும் உண்டு. ஹாம்பர்க் நண்பர் கோட் ரிவ்யூவில் (ஒருவர் எழுதிய கோட்டை இன்னொருவர் பார்ப்பது) "இது தவறு" என்று இரண்டு சொல்லில் எழுதுவார். அதற்குப் பிறகு நம் ஆள் இரண்டு நாள் சாப்பிடமாட்டான். அவர் கோட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னார், அவருடைய வழக்கமே அது.

நான் கடைப்பிடிப்பது மூன்று. "முடியுமா?" என்று யாரையும் கேட்பதில்லை, "இதில் எங்கே மாட்டிக்கொள்வாய்?" என்று கேட்கிறேன். முதல் கேள்விக்கு நம் வளர்ப்பில் ஒரே பதில்தான், இரண்டாவதற்கு யோசித்தே ஆக வேண்டும். அடுத்து, பேசி முடித்ததும் வேலையை எடுத்தவரே தன் சொற்களில் நான்கு வரி சாட்டில் எழுத வேண்டும். புரியாதது அந்த நான்கு வரியில் தானாக வெளியே வந்துவிடும். மூன்றாவதாக, வெளிநாட்டு நண்பர்களிடம் மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்கிறேன். ஆங்கிலம் ஹாம்பர்க்காரர்களுக்கும் தாய்மொழி இல்லை. அவர்களும் இதை விரும்பத்தான் செய்தார்கள்.

அந்தத் தங்கைக்கு நான் சொன்னது: "'எனக்கு இன்னும் புரியலை, எழுதிக் கேக்கறேன்'னு இங்கிலீஷ்ல ஒரு வரி மனப்பாடம் பண்ணிக்கோ. அதைச் சொன்னா உன்னை யாரும் குறைவா நினைக்க மாட்டாங்க." இப்போது நீலகிரியில் இருக்கும் எங்கள் மூவரில் அதிகம் கேள்வி கேட்பவள் அவள்தான்.

ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று மதிப்பீடு போடும்போது சீனியர் சொன்ன எண்ணையே எல்லாரும் சொல்கிறோம். சரியா?

சரியில்லை. ஜேம்ஸ் கிரென்னிங் 2002-ல் எழுதிய பிளானிங் போக்கர் முறையே இதற்காகத்தான் இருக்கிறது. எல்லாரும் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்புவது. தூரத்தில் இருந்தால் எண்ணைச் சாட்டில் தட்டி வைத்து, மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒன்றாக என்டர் அழுத்துங்கள். மிகக் குறைவாக 3 போட்டவரும் மிக அதிகமாக 13 போட்டவரும் மட்டும் பேசட்டும். இன்னொன்று: இன்னொரு டீம் 50 பாயின்ட் (இப்படிப் போடும் எண்களின் கூட்டு) முடித்தது, நாம் 30 தானா என்று ஒப்பிடாதீர்கள். ஒரு டீமின் பாயின்ட்டுக்கு அடுத்த டீமில் மதிப்பே கிடையாது.

மழையில் கரண்ட், நெட் இரண்டும் போய்விட்டால்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், மலையில் இருந்து வேலை செய்பவர்களுக்கு வாழ்வாதாரப் பிரச்சினை இது. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை போட்டுத் தாக்கும்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பயம். ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்ட் வர மறுநாள் ஆகும். யூபிஎஸ் நான்கு மணி நேரம் தாங்கும், டவரில் பேட்டரி தீர்ந்தால் போனும் போய்விடும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கீழே இறங்கியும் வேலை செய்ய முடியாது.

எனவே எங்கள் டீமில் எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரு விதி: யார் எந்த நிமிடம் காணாமல் போனாலும் வேலை நிற்கக் கூடாது. நடைமுறையில் இதற்கு அர்த்தம், எழுதிய கோட் அரைகுறையாக இருந்தாலும் மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை டீமின் பொதுச் சேமிப்பிடத்துக்குப் புஷ் ஆகிவிட வேண்டும். லேப்டாப்பில் மட்டும் கிடக்கும் கோட் இல்லாத கோட். டிராஃப்ட் புல் ரெக்வெஸ்ட்டில் (முடியாத கோட்டை மற்றவர் பார்க்க வைக்கும் கோரிக்கை) அடுத்து என்ன செய்ய நினைத்தேன் என்று இரண்டு வரி. ஒவ்வொரு ஸ்டோரிக்கும் இரண்டாவது ஆள் ஒருவர், முடிந்தால் வேறு ஊரில். மலையில் இருக்கும் மூவரையும் ஒரே வேலையில் ஒருவருக்கொருவர் மாற்றாக வைத்தால் ஒரே மரம் மூவரையும் சாய்த்துவிடும் என்பதை ஒரு நவம்பரில்தான் கற்றுக்கொண்டோம். இப்போது என் மாற்று சென்னையில். மழை எச்சரிக்கை வந்ததும் "நாளை மலையில் தொடர்பு போகலாம்" என்று முந்திய நாளே எழுதிவிடுகிறோம். கரண்ட் போன பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட இது மரியாதை.

இந்த விதியால் அதிகம் பயனடைந்தது ஹாம்பர்க் நண்பர் ஒருவர். குழந்தை எதிர்பார்த்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே பிறந்தது. அவர் அன்று மதியம் புஷ் செய்ததை எடுத்து இங்கே முடித்துவிட்டோம்.

அவர்கள் தூங்கும்போது பில்ட் (எல்லார் கோட்டும் சேர்ந்து ஓடும் வடிவம்) உடைந்தால்?

காரணம் தேடி உட்காராதீர்கள். உடைத்த மாற்றத்தை ரிவர்ட் செய்துவிட்டு (பழையபடி ஆக்கிவிட்டு), என்ன செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். யார் கோட்டையும் யாரும் ரிவர்ட் செய்யலாம், அதில் மனக்கசப்பு கிடையாது என்று டீம் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். புல் ரெக்வெஸ்ட்டைச் சிறியதாக வையுங்கள். 200 வரி என்றால் இடைவேளையில் பார்த்துவிடுவார்கள், 2,000 வரி மூன்று நாள் கிடக்கும்.

ரெட்ரோவில் (ஸ்பிரின்ட் முடிவில் வேலைமுறையை அலசும் கூட்டம்) யாருமே வாய் திறப்பதில்லை.

முதலில் எழுதச் சொல்லுங்கள், பெயர் இல்லாமல், முந்திய நாளே. கூட்டத்தில் அதைப் படித்துப் பேசத் தொடங்குங்கள். போன ரெட்ரோவில் முடிவு செய்தது நடந்ததா என்று முதல் ஐந்து நிமிடத்தில் பாருங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால் வாய் திறக்காதவர்கள் செய்வது சரிதான்.

நாங்கள் நான்கே பேர். ஸ்க்ரம் தேவையா?

கான்பான் போதும். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய முறை அது. மென்பொருளுக்கும் வந்து பல வருடமாகிறது. வேலைகளைக் காட்டும் ஒரு போர்டு, ஒரே நேரத்தில் ஒருவர் கையில் இரண்டு வேலைக்கு மேல் கூடாது.

ஸ்க்ரம் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

வேலை தேட உதவும், வாங்குங்கள். அதற்கு முன் இலவசமாகக் கிடைக்கும் கையேட்டை இரண்டு முறை படியுங்கள்.

நேரில் சந்திப்பதற்குச் செலவு செய்வது வீண் என்கிறது நிர்வாகம்.

வருடம் ஒருமுறையாவது கேட்டு வாங்குங்கள். ஹாம்பர்கிலிருந்து இருவர் ஒரு அக்டோபரில் இங்கே வந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலில் ஏறி வந்தார்கள். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளத்தில் வண்டி ஏறத் தொடங்கியதும் அந்த இயந்திரத்தைப் பற்றிப் பொறியாளர்களுக்கே உரிய ஆசையோடு கேட்டுக்கொண்டே வந்தார்கள். மூன்றாம் நாள் என் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. வெளியே போய்ப் பார்த்தால் கற்பூர மரம் ஒன்று கம்பியோடு ரோட்டில் கிடந்தது. கொழுந்து மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று அந்தப் பக்கம் நின்றது. ஓட்டுநரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அரிவாளோடு கிளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் விருந்தாளிகளும் கிளை இழுத்துப் போட்டார்கள். அதுவரை "மின்சாரம் இல்லை" என்று நாங்கள் அனுப்பும் செய்தி அவர்களுக்கு ஒரு சாக்குப்போக்காகவே தோன்றியிருக்கிறது, அன்று இரவு சாப்பிடும்போது அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஊருக்குப் போன பிறகு கோட் ரிவ்யூவில் "இது தவறு" என்பது "இது ஏன் இப்படி என்று சொல்ல முடியுமா?" என்று மாறியது.

விடுமுறைகளை எப்படிச் சமாளிப்பது?

ஒரே காலண்டரில் எல்லா ஊர் விடுமுறையையும் வருடத் தொடக்கத்தில் போட்டுவிடுங்கள். பொங்கல், நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங், ஹாம்பர்கின் கிறிஸ்துமஸ் நாட்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். சென்னை அலுவலகத்துக்கே அது தெரியாது, எனவே நாம்தான் எழுத வேண்டும். எங்கள் காலண்டரில் அந்த நாளுக்குக் கீழே எங்கள் தங்கை எதற்கான பண்டிகை என்று நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அடுத்த வருடம் அந்த நாளில் பாஸ்டனிலிருந்து வாழ்த்து வந்திருந்தது, வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல்.